அப்பா படிக்காத நான்காம் பக்கம்

இயேசு மரி சூசை துணை

கிட்வாய் நகர், புது தில்லி
18.10.1983

அன்பு மகள் லூசிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன், ஆனால் அது முழு உண்மை இல்லை, ஏட்டி. அப்பாவுக்கு நாலு மாதமாக இமை விழுகிறது. பூசையில் பிரசங்க நேரத்தில் தூங்குகிறார் என்று விலாவில் இடித்தேன். இருபத்திரண்டு வருஷ நர்ஸ், வார்டில் யாருக்காவது இப்படி என்றால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பேன், வீட்டில் மட்டும் புத்தி புல் மேயப் போய்விட்டது. டாக்டர் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டு கண்ணும் திறந்தது பார், அங்கேயே அழுதுவிட்டேன். நரம்பு சேதி அனுப்புகிறதாம், அதை வாங்கித் திறக்கிற தசைக் கதவுகள்தான் குறைந்துவிட்டனவாம். நீ லண்டனில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாயே, அதே கதவுகள்! என் மகள் படிப்பது இதைத்தான் என்றேன், டாக்டர் அச்சா, அச்சா என்று எழுந்தே நின்றுவிட்டார். பயப்படாதே, மாத்திரையில் அடங்கியிருக்கிறது. நீ போட்டது போட்டபடி ஓடி வருவாய் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை.

உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றால் அப்பா விடமாட்டார். ஒரு மாத்திரைக்கு ஒரு பக்கம், அதற்குமேல் இமை தாங்காது. நரம்பு அனுப்புகிற துகள் இரண்டு வந்து உட்கார்ந்த பிறகும் கதவு உடனே திறக்காமல் நடுவில் தயங்குகிறது என்று நீ எழுதியதை அடுத்த வீட்டு பாலசுப்ரமணியம் சாருக்கு விளக்கியாயிற்று, பால்கார பையா ஒருவர்தான் பாக்கி. நான்காம் பக்கத்தை நான் முன்னாலேயே படித்துவிட்டேன். உன் கணக்கில் கதவு திறந்திருக்கிற நேரமும் சோதனையில் திறந்திருக்கிற நேரமும் ஒத்துவரவில்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாய். எனக்கு நீ வந்தால் போதும், ஒளிப்பானேன். ஆனால் உன் கதவுக் கணக்கைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிற அப்பா முகத்தைப் பார்த்ததும் அந்தத் தாளை அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டேன்.

இன்று காலை மாத்திரை போட்டு முக்கால் மணி ஆனதும், புஷ்பம், அரிசி டின்னுல வச்சத எடு, கண்ணு திறந்திருக்கும்போதே பாத்துருதேன் என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணுதான் மூடுது, காது மூடலயே என்று சிரிப்பு வேறு. படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேனா கேட்டார்.

குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள். கீழே கோணலாக இருப்பது அப்பா எழுத்து.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா மரியபுஷ்பம்

லூசி, கணக்கு பாதியில் நிற்கிறதே, ஐந்தாம் பக்கம் எங்கே? அதற்கும் ஒரு மாத்திரை வைத்திருக்கிறேன். அப்பா.