கறுப்பு நட்சத்திரங்கள்

கரம்பன்,
ஊர்காவற்றுறை.
17.1.1982

அன்புள்ள தம்பி சில்வெஸ்ரருக்கு,

லண்டன் குளிரிலும் மாதாவின் காவலில் நீர் சுகமாயிருப்பீர் என்று நம்பி, அக்கா கத்தரீனா எழுதுவது. பிள்ளைகள் சுகம். அத்தானை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீர் அனுப்பிய பிலிமில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் படம் எடுக்கிறேன் என்று, மழை விட்ட இரவுகளில் பின்வளவுக் கொட்டிலின் தகரக் கூரையைத் தள்ளிவிட்டுத் தொலைநோக்கியோடு கிடந்தார். அந்த வெள்ளிகளைச் சுற்றித் தூசிமுகில் இருக்கிறதாம். அதற்கென்று வெளிச்சம் இல்லையாம், பக்கத்து வெள்ளிகளின் வெளிச்சம் பட்டுத்தான் தெரியுமாம். கலியாணத்துக்குப் பிறகு என்னை ஒரு படம் எடுக்காத மனிசன், அந்தத் தூசியை எத்தனை தரம் எடுத்திருப்பார்! எனக்கு எரிச்சல்தான். ஆனால் படம் சரிவந்த அன்று அடுப்போடு நின்ற என்னிடம் குசினிக்குள் ஓடிவந்து காட்டியபோது, எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

உமக்கு ஒரு பிரதி அனுப்பினாரல்லவா? மங்கல் தூசி வெள்ளைத் தாளில் கறுப்பாக விழுந்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று, வேறொரு பிரதியை வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கழுவிச் சுவரில் ஒட்டியிருந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை வீடு வீடாகச் சோதித்து வந்தவர்கள் அதைக் கண்டார்கள். ஏழு கறுப்புப் புள்ளி, சுற்றிவரச் சாம்பல் நிறம். நம்முடைய தீவுகளும் ஏழுதானே. அதை வரைபடமென்று நினைத்து, எந்தத் தீவில் இயக்கத்தின் வள்ளம் இறங்குகிறது என்று, தமிழ் தெரிந்த ஒருவன் கேட்டான். அத்தான் சிரித்துவிட்டார், தம்பி. “ஐயா, இது தீவில்லை, வானமெல்லோ” என்று சிரித்தபடியே சொன்னார். அந்தச் சிரிப்புக்குத்தான் முதல் அடி விழுந்தது.

படம், பிலிம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். உம்மிடம் உள்ள பிரதியில் வெள்ளிகள் வெள்ளையாகவே இருக்கும். அதையும், அங்குள்ள வானியல் சங்கத்தில் யாராவது பெரியவரிடம் இது வானந்தான் என்று ஒரு கடிதமும் வாங்கி உடனே அனுப்பும். பங்குச் சுவாமி என்னோடு அத்தானை வைத்திருக்கிற முகாமுக்கு வர ஓமென்று சம்மதித்திருக்கிறார்.

சனிக்கிழமைகளில் முகாம் வாசலில் தோய்த்த உடுப்பைக் கொடுத்து, ஊத்தை உடுப்பை வாங்கி வருவேன். போன கிழமை தந்த சேட்டிலிருந்த இரத்தக் கறையைப் பிள்ளைகள் காணாமல் தோய்த்தேன். நேற்று நான் கொண்டுபோன உடுப்புப் பார்சலை அவர்கள் வாங்கவில்லை. இனி உடுப்புத் தேவையில்லை என்று காவலுக்கு நின்றவன் சொன்னான். விடப்போகிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நீரும் அப்படியே நினைத்து, படத்தைக் கெதியாக அனுப்பும்.

மாதா உமக்குத் துணையிருப்பாராக. அத்தானுக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுப்பதானால், உயிரோடு இருக்கிறவருக்கு என்று சொல்லியே ஒப்புக்கொடும்.

உம் அன்பு அக்கா,
கத்தரீனா