மூலையில் ஒரு நுளம்பு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
வைகாசி 18

அன்புள்ள மகள் மிதுனாவுக்கு,

என் முழங்காலையும் அப்பாவின் பிரஷரையும் கணக்கில் எடுக்காவிட்டால் நாங்கள் இருவரும் நல்ல சுகம். சீன மலையில் நீயும் மருமகன் யாங்கும் சுகமாயிருக்க முருகன் துணை, அவ்வளவு தூரம் அவருடைய மயில் பறக்குமென்றால். பதினாலு மாதமாக உன் போனை எடுக்காத அம்மா கடிதம் எழுதுகிறாளே, யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதோ என்று பயப்படாதே. ஒன்றும் ஆகவில்லை, ஒரு துணியை வெட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

டொக்டராகி வா என்று சீனாவின் குய்சோவுக்கு அனுப்பினேன். டொக்டராகினாய், வரத்தான் மறந்துபோனாய். பிறகு கலியாணப் படம் வந்தது. நம் ஆட்கள் காலில் மட்டும் போடுகிற வெள்ளியை நீ கழுத்திலும் தலையிலும் கிலோக்கணக்கில் சுமந்து, அதற்குமேல் இரண்டு கொம்பும் வைத்து, எண்ணி முடியாத மடிப்புப் பாவாடையோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாய். உனக்கென்று முப்பது வருடம் பூச்சி அண்டாமல் நான் காத்துவைத்த என் கூறைச் சேலை அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. மாப்பிள்ளை என்ன ஆக்கள் என்று கிருலப்பனைப் பெரியம்மா கேட்டார், நீ சொன்ன அவர்கள் இனத்தின் பெயரைச் சொல்லி மியாவ் என்றேன். நான் பூனையைக் கேட்கேல்லை, மாப்பிள்ளையைக் கேட்டனான் என்றார். அதற்குப் பிறகு உன்னோடு நான் எந்த முகத்தோடு கதைப்பது? அப்பா மட்டும் அந்தக் கொம்புப் படத்தைப் போனில் வைத்துப் பார்க்கிறார், எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

இந்த நிலையில்தான் உன் பார்சல் வந்தது. பார்சலைப் பிரித்தேன், உள்ளே இருந்த கடிதத்தைப் பிரிக்கவில்லை. கோபத்துக்கும் ஒரு மரியாதை வேண்டாமா, மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டேன். துணியைக் குறை சொல்ல முடியாது. கருநீலத்தில் கண்ணாடிபோல மினுங்கியது, மேலே சிவப்பும் பச்சையுமாகப் பட்டுநூல் வண்ணத்துப்பூச்சிகள், தையலைப் பார்க்க அப்பாவின் கண்ணாடியையும் கடன் வாங்க வேண்டியிருந்தது. மூன்று மூலையில் பூச்சி, நாலாவது மூலை வெறுமை. உன் மாமியாரின் கைவேலையாக்கும், அவருக்குச் சோம்பல் போல என்று நினைத்தேன். ரீவியை மூட அளவெடுத்தது போல இருந்தது, இரண்டு பக்கமும் தொங்கிய நீளப் பட்டிகள்தான் இடைஞ்சல். அவற்றை வெட்டி ஓரம் அடித்துத் தரச்சொல்லிக் கீழ்மாடியில் தையல் வேலை செய்கிற நளீபாவிடம் கொடுத்தேன். நல்லா யோசிச்சீங்களா அக்கா என்று இரண்டு தரம் கேட்டாள். யோசிக்காமல் வருவேனா என்றேன். பதினொரு நாள் எங்கள் ரீவி மகாராணி மாதிரி இருந்தது.

பன்னிரண்டாம் நாள் வெட்டிய பட்டிகளைத் தர மேலே வந்த நளீபா ரீவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பட்டி பாரம் தாங்கத் தச்சது அக்கா, ரீவி எங்க எழும்பி ஓடப்போகுது, இது புள்ளய முதுகில கட்டுற துணி போல இருக்கே என்றாள். லாச்சிக்கு ஓடினேன், அன்றைக்கு முழங்கால் நோகவில்லை. ஐந்தாம் மாதம் என்று எழுதியிருந்தாய். அவர்களுடைய ஊரில் பிள்ளை கட்டும் துணி தாயின் தாய் வீட்டிலிருந்துதான் வரவேண்டுமாம். எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாதென்று உன் மாமியாரே கலியாணத்தன்றிலிருந்து தைத்தாராம், நாலாவது மூலையை மட்டும் எனக்கென்று விட்டாராம். நான் அதில் என் கையால் தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். நான் அனுப்பிய அழகு உனக்குத் தெரியும். முகம் திருப்பிக்கொண்டிருந்த எனக்கு இடம் விட்டுவைத்த மனிசியைச் சோம்பேறி என்றேனே என்று அன்று முழுக்க அழுதேன். போதாததற்கு அந்த மினுக்கம் முட்டை வெள்ளைக்கரு பூசி மரச்சுத்தியலால் அடித்து வருவதென்றும் எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமையில் முட்டை என்று வாயால்கூடச் சொல்லாத வீடு இது!

வெட்டின பட்டியை ஒட்டுப்போட்டால் பாரம் தாங்காது, புதுப் பட்டிக்கு உறுதியான துணி வேணும் என்று நளீபா கையை விரித்தாள். அலுமாரியைத் திறந்து கூறைச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். உறுதியான துணி வேண்டுமென்றாயே, இதை வெட்டு என்றேன். இந்த முறை அவள் மூன்று தரம் கேட்டாள். நீதான் உடுக்கவில்லை, உன் பிள்ளையாவது அதில் தொங்கட்டும். மூலையை நானே தைத்தேன், நாலு நாள், விரலெல்லாம் ஓட்டை. வண்ணத்துப்பூச்சிதான் தைத்தேன், வந்தது இரவில் காதுக்குள் பாடிக் கடிக்கிற நுளம்பு. பாதிக் கொழும்புப் பிள்ளைக்கு அது பொருத்தம்தான் என்று அப்பா ஆறுதல் சொல்கிறார்.

பிறக்க முதல் பிள்ளைக்குச் சாமான் சேர்க்கக் கூடாதென்பது நம் வழக்கம். அதனால் தபால் கந்தோர்ப் படிவத்தில் ரீவி மூடும் துணி என்றே எழுதப் போகிறேன், கண்ணூறு ஏமாந்துபோகட்டும். பப்பாசி, அன்னாசிப் பக்கம் போகாதே. நீ டொக்டர், உனக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் போகாதே.

உனக்கும் மருமகனுக்கும் வயிற்றில் இருப்பவருக்கும் எங்கள் ஆசி என்றும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த நுளம்பைக் கண்டால் உன் மாமியாருக்குக் கை துருதுருக்கும், பிரித்துத் திருத்தித் தைக்கப் பார்ப்பார். பிரிக்க வேண்டாம் என்று சொல். பிள்ளையின் முதுகில் எனக்கும் ஒரு மூலை இருக்கட்டும்.

இப்படிக்கு,
இப்போது போனைக் கையிலேயே வைத்திருக்கும்
அம்மா