தகரப் பெட்டியில் துணி வைத்திருந்தது பற்றி

அனுப்புநர்:
செல்வி சூ. சுகிர்தம்,
உதவி ஆசிரியை, தோட்டப் பாடசாலை,
ஆறாம் இலக்க லயம், நான்காம் காம்பரா,
கிரெய்க்வெல் தோட்டம், கொட்டகலை.

பெறுநர்:
பிரஜாவுரிமை விண்ணப்பங்களை மீள்பரிசீலனை செய்யும் அதிகாரி அவர்கள்,
நுவரெலியா.

விடயம்: என் தகப்பனார் அ. சூசைரட்ணத்தின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தைத் தகரப் பெட்டி முதலிய காரணங்களால் தள்ளிவிட உத்தேசித்திருப்பது தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. என் தகப்பனார் இத்தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் முப்பத்தொரு வருடமாக வேலை செய்பவர். தமக்கும் என் தாயார் றோசலினுக்கும் எனக்குமாக அவர் கொடுத்த விண்ணப்பம் பத்து வருடமாக விசாரணையில் இருந்தது. நாங்கள் இந்நாட்டில் நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் இல்லாதவர்கள் என்றும், மூன்று மாதத்துக்குள் தக்க மறுப்புக் கூறாவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும் என்றும் சென்ற மாதம் 20ஆம் திகதி கடிதம் வந்தது. தள்ளப்பட்டால் நாங்கள் மூவரும் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இருக்க மாட்டோம். என் தகப்பனாருக்கு எழுத வரும். ஆனால் அக்கடிதம் வந்த நாள் முதல் அவர் பேனாவைத் தொட மறுப்பதால் நான் எழுதுகிறேன்.

2. பெப்ரவரி 14ஆம் திகதி எங்கள் காம்பராவைப் பார்வையிட வந்த விசாரணை அதிகாரி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். என் தாயாரிடம் ஒரு தடவையும் குரலை உயர்த்தவில்லை. அவரிடம் குறை ஒன்றுதான். இந்தியர் எப்படி இருப்பார்கள் என்பதை எங்கோ படித்து நன்றாக மனத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர்களை எங்கள் காம்பராவில் தேடினார்; கண்டும் பிடித்துவிட்டார். அவருடைய அறிக்கையின் பிரதி கடிதத்தோடு வந்திருப்பதால், அதிலுள்ளபடியே பதில் சொல்கிறேன்.

3. “குடும்பத் தலைவர் இந்தியத் தலைப்பாகை அணிந்திருந்தார்.” அது மப்ளர். காலை ஏழரை மணிக்குப் பனி லயத்துக்குள்ளேயே வந்துவிடும் ஊர் இது. அதிகாரி அவர்களும் அன்று ஒன்று கட்டியிருந்தார். அவருடையது பச்சை நிறம்.

4. “இந்திய உணவு உண்கிறார்கள்.” அன்று என் தாயார் சுட்டது தேங்காய் ரொட்டி. அதிகாரி இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதைப் பிட்டபடியே, தம் வீட்டிலும் இதே ரொட்டிதான், ஆனால் இவ்வளவு மிருதுவாக வருவதில்லை என்று சிங்களத்தில் சொன்னார். மொழிபெயர்க்க வந்திருந்த கிளாக்கர் கணேசமூர்த்தி அவர்கள் இதற்குச் சாட்சி. அவருக்கும் ஒன்று கிடைத்தது.

5. “சுவரில் இந்திய மலைகளின் படம் மாட்டி, தாய்நாட்டை நினைத்து ஏங்குகிறார்கள்.” அப்படம் ஹட்டன் கடையொன்றில் கிறிஸ்மஸுக்குக் கொடுத்த கலண்டர். கீழே ஜெனீவா ஏரி என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. என் தாயார் அதை நுவரெலியா ஏரி என்று நம்புகிறார். “வெள்ளக்காரங்க இருக்கப்ப நம்ம ஏரிய எப்புடி வச்சிருந்தாங்க பாத்தியா?” என்று அவர் பெருமூச்சு விடுவதுண்டு. ஏக்கம் என்று அதிகாரி கண்டது இதுவாக இருக்கலாம். என் தாயார் ஏங்குவது நுவரெலியாவை நினைத்து.

6. இனி முக்கியமான காரணம். “துணிகள் யாவும் தகரப் பெட்டியில் அடுக்கி, கயிற்றால் கட்டி, பயணத்துக்கு ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தன.” ஐயா, எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. கூரை ஒழுகும், எலியும் உண்டு. ஆகவே லயத்தில் எல்லாரும் துணியைத் தகரப் பெட்டியில்தான் வைக்கிறோம். அப்பெட்டியின் மேல் துணி விரித்துப் பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறேன். விருந்தாளி வந்தால் அதுவே கதிரை. கயிறு ஏன் என்று அதிகாரி கேட்டபோது, அடுத்த காம்பரா வீரம்மா அக்கா வாசலில் நின்றபடி, “அவுத்தா மூடி நிக்காதுங்க. போன வருசம் எங்க ஆடு அதுமேல ஏறி நின்னுச்சு. ஆட்டுக்கும் ஒண்ணுமில்ல, பொட்டிதான் போச்சு” என்று உண்மையைச் சொன்னார். அரசாங்க அறிக்கையில் ஆடு வருவது மரியாதையல்ல என்று நினைத்த கிளாக்கர் ஐயா, “பாதுகாப்புக்காக” என்று மட்டும் மொழிபெயர்த்தார்.

7. பெட்டி திறக்கப்பட்டபோது நான் பாடசாலையில் இருந்தேன். இடைவேளைக்கு வந்தபோது என் உடைகள் கட்டிலில் எண்ணி வைக்கப்பட்டிருந்தன. அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பட்டியலில் “தேசப்படப் புத்தகம் ஒன்று” என்பது நான் பூமிசாஸ்திரம் கற்பிக்கும் புத்தகம். “பயணக் குறிப்புகள் அடங்கிய கொப்பி ஒன்று” என்பது பயணக் குறிப்புகள் அல்ல. நான் ஹட்டனுக்கு அப்பால் போனது வாழ்நாளில் மூன்று தடவை. அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதது கடவுள் செயல். பட்டியலின் அந்த ஒரு வரியை மட்டும் விண்ணப்பக் கோவையிலிருந்து நீக்கிவிடுமாறு தனியாக வேண்டுகிறேன்.

8. என் தகப்பனார் இந்தியாவுக்குப் போனதும் எங்களுக்கு எதிராக எழுதப்பட்டிருக்கிறது. போனார். 1938இல் ஒரே ஒரு தடவை, முசிறிக்குப் பக்கத்தில் அத்தை மகள் கலியாணத்துக்காக, பத்தொன்பது நாள். அங்கே அவர் பெயர் கண்டிக்காரர். பந்தியில் ஒரு பெரியம்மா, “ஏன் தம்பி, ஒங்க சீமையில தேத்தண்ணியிலதான் குளிப்பாங்களாமே, நெசமா?” என்று கேட்டாராம். இலங்கைக்காரர் எல்லாருக்கும் மந்திரம் தெரியும் என்று நம்பிக் காய்ச்சல் குழந்தைகளைத் தூக்கி வந்தார்கள். தெரியாது என்றால், சொல்ல மாட்டேன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு குழந்தைக்கு, மடியில் இருந்த தேயிலைத் தூளில் ஒரு சிட்டிகையைத் துணியில் முடிந்து கட்டிவிட்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது. அதன் பிறகு அந்த ஊரில் இருக்க முடியவில்லை; புறப்பட்டு வந்துவிட்டார். அந்தப் பத்தொன்பது நாளில் ஒருவரும் அவரை இந்தியர் என்று நினைக்கவில்லை. இது சாட்சியமாகக் கொள்ளப்படுமா என்று அறியேன்.

9. பிழை எங்கள் பக்கமும் உண்டு என்பதை மறைக்கவில்லை. எங்கள் பங்குக் கோவிலில் முன்பு இருந்த இத்தாலியச் சுவாமி பூசையில் மிக நன்றாகப் பாடுவார். ஆகவே இத்தாலியர் எல்லாரும் பாடுவார்கள் என்பது எங்கள் லயத்தின் முடிவு. பொல்பிட்டியப் பக்கம் ஏதோ அளவெடுக்க வந்த ஓர் இத்தாலியர் ஹட்டன் மரக்கறிச் சந்தையில் கோவா வாங்கியபோது பாட்டுக் கேட்கக் கூட்டம் கூடி நின்றது. அவர் இரண்டு கோவாவை வாங்கிக்கொண்டு பாடாமலே போய்விட்டார். “இவன் இத்தாலிக்காரனே இல்ல” என்று வீரம்மா அக்கா தீர்ப்பளித்தார். எல்லாரும் சிரித்தோம்; நானும் சிரித்தேன். ஆனால் வீரம்மா அக்கா அறிக்கை எழுதுவதில்லை. அந்த இத்தாலியர் இன்றும் இத்தாலியராகவே இருக்கிறார்.

10. கடிதச் செய்தி பரவியதிலிருந்து எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராவிலும் பெட்டிகளைக் காலி செய்துவிட்டார்கள். சேலைகள் கொடியில் தொங்குகின்றன. வேட்டிகள் சாக்கில் இருக்கின்றன. பெட்டிகளைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறார்கள். சென்ற வாரத்து மழையில் எல்லாருடைய துணியும் நனைந்தது. சின்னராசா என்பவரின் கலியாண வேட்டியை எலி கடித்துவிட்டது. ஓட்டை வேட்டியோடு ஒருவர் எங்கும் பயணம் போக முடியாது என்பதால் அதை நல்ல சாட்சியம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

11. என் தகப்பனார் ஸ்டோரில் உடைந்து கழிந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைத் தோட்டத் துரையிடம் அனுமதி பெற்று எடுத்துவந்து ஓர் அலுமாரி செய்திருக்கிறார். அது நிற்க இடம் விட்டதில் மூவர் படுக்க இடமில்லை. அவர் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுக்கிறார். குளிருக்கு அந்த மப்ளரைத்தான் கட்டிக்கொள்கிறார். அதிகாரி மறுபடி வந்தால் அதை அவிழ்த்துவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆகவே ஐயா, எங்கள் விண்ணப்பத்தை மறுபடி விசாரித்து எங்களை இந்நாட்டுப் பிரஜைகளாகப் பதிய ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அது ஆகும் வரை, நிலையாகக் குடியிருப்பவர்கள் துணியை எதில் வைக்க வேண்டும் என்பதையாவது எழுத்தில் அறிவித்தால் லயத்தாருக்கு வாசித்துக் காட்டுவேன். மழை தொடங்கிவிட்டது. மறுபடி பார்வையிட யாரையேனும் அனுப்புவதானால் அலுமாரியின் கதவையும் பார்க்கச் சொல்லுங்கள். பலகையில் முன்பே அச்சிட்டிருந்த எழுத்துகளை என் தகப்பனார் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. “இலங்கையில் விளைந்தது” என்று அதில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர் பிறந்ததும் இதே தோட்டத்தில், இதே லயத்தில்தான்.

தங்கள் நீதியை நம்பியிருக்கும்,
சூ. சுகிர்தம்

கொட்டகலை,
17.04.1961

இணைப்புகள்:
(அ) தகப்பனாரின் பிறப்புப் பதிவுப் பிரதி, 1914.
(ஆ) ஜெனீவா ஏரிப் படம். பார்த்தபின் தயவுசெய்து திருப்பி அனுப்பவும். நுவரெலியாவுக்குத்தான் போயிருக்கிறது என்று தாயாரிடம் சொல்லியிருக்கிறேன்.