அமெரிக்கா போய்வந்த டீச்சர்

பிப்ரவரி 27, வியாழன்

பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு அப்படியே கிடக்கிறது. அப்பாவுக்கு முதுகில் புண் வரும்போல இருக்கிறது. அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்கணும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். சொல்லுவார், புரட்டுவது யார்? பகலில் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா, மற்ற நேரமெல்லாம் நான்.

சென்னையிலிருந்து ஒரு மெயில். பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கா போய்வந்தவர்கள் சங்கம். அந்த ஒரு வருஷம் உங்கள் ஊரில் என்ன மாற்றத்தை உண்டாக்கியது என்று எழுதி அனுப்பணுமாம். பதினாறு வயதில் அயோவாவில் ஒரு வீட்டில் தங்கிப் படித்தேன். இப்போது முப்பத்திரண்டு. காரைக்குடியில் இங்கிலீஷ் மிஸ். யார் வீட்டிலாவது விசாவுக்கு ஏதாவது நிரப்பணும் என்றால், "அமெரிக்கா டீச்சரக் கூப்பிடுங்கப்பா." மாற்றமாம், மண்ணாங்கட்டி.

மார்ச் 4, செவ்வாய்

ஸ்வேதாவுக்கு நேர்முகத் தேர்வு வந்துவிட்டது! என் வகுப்புப் பெண். அதே திட்டம், நான்தான் விடாப்பிடியாக விண்ணப்பிக்க வைத்தேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு, சென்னையில். தேதியைப் பார்த்ததும் சரி என்று பதில் போட்டுவிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் இன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

மார்ச் 8, சனி

ஸ்வேதாவின் ஊர் அமராவதிபுதூரைத் தாண்டி உள்ளே. வெயிலில் போய் இறங்கினேன். அவள் அப்பா கருப்பையா தச்சு வேலை. கதவு நிலை ஒன்றை இழைத்துக்கொண்டே பேசினார்.

"பதினெட்டாந் தேதி அம்மனுக்குக் காப்புக் கட்டுறாக டீச்சர். கட்டிட்டா எட்டு நாளைக்கு எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாது. எங்க வீட்டுல ஒருத்தரும் தாண்டுனதில்ல."

எனக்குத் தெரியாதா இது? நான் பிறந்த ஊரிலும் இதே கட்டுப்பாடுதானே. பங்குனி மாசம் என்று தெரிந்தும் யோசிக்காமல் சரி என்று எழுதியிருக்கிறேனே, என்னைச் செருப்பால் அடிக்கணும்.

"கட்டுறதுக்கு முன்னாடியே ஊரை விட்டு வெளியேறிட்டாக் கட்டுப்பாடு இல்லையே. பிள்ளைய எங்க வீட்டுல விடுங்க. காப்பு அவுத்தப்புறம் கூட்டியாந்து விடுறேன்."

அவர் கை நின்றது. "கோவிச்சுக்கிராதீக டீச்சர். நீங்களுந்தான் போயிட்டு வந்தீக. வந்து என்னத்தக் கண்டீக?"

"என்ன பேச்சுப் பேசுறீக!" என்று அவர் மனைவி கண்ணாத்தாள் அதட்டினார். ஸ்வேதா தலையைக் குனிந்துகொண்டாள். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். என்னத்தக் கண்டேன்? வந்த வரன் எல்லாம் அமெரிக்கா போன பொண்ணு நமக்குச் சரிப்படாதுன்னு தட்டிப்போச்சு. அப்பாவோட பீத்துணி அலசுறேன். அந்த மனுசன் கேட்டதுல என்ன தப்பு — ஒண்ணுமில்ல.

மார்ச் 10, திங்கள்

ஊரில் காப்புக் கட்டு, தேதியை மாற்றித் தரமுடியுமா என்று சென்னையில் திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "ஒரு கயிறு கட்டுறதுதானே மேடம்?" என்றது போனை எடுத்த பெண். விளக்கத் தெம்பில்லை. வைத்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

ஸ்வேதா வகுப்பில் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும்தான்.

மார்ச் 18, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் கண்ணாத்தாள், கூடவே ஸ்வேதா, ஒரு பை.

"ராத்திரி காப்புக் கட்டக் கொட்டு விழுந்துரும் டீச்சர். அதுக்குள்ள நான் ஊருக்குள்ள இருக்கணும். உக்காரச் சொல்லாதீக."

"அவுக சம்மதிச்சாகளா?"

"பையத் தூக்கயில பாத்தாக. பாக்காத மாதிரி கெழக்க திரும்பி நின்னுக்கிட்டாக. அவுக சம்மதம்னா அம்புட்டுத்தான்."

இந்த வருஷம் ஸ்வேதா எடுக்கவேண்டிய முளைப்பாரியைத் தானே சுமப்பாராம். "ஆத்தா கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விட்டுவிட்டுப் போயிருக்கமாட்டார்.

மார்ச் 19, புதன்

அப்பாவைப் புரட்டுவதற்கு ஸ்வேதா தானாகவே வந்து நின்றாள். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே.

மார்ச் 22, சனி

ரயிலில் எழுதுகிறேன். அப்பாவை ராத்திரியும் சேர்த்து அம்மாக்கண்ணு அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தேர்வு முடிந்தது. நன்றாகத்தான் பேசினாளாம். ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டார்களாம். தான் ஏன் இப்போது ஊரில் இல்லை என்ற கதையைச் சொன்னாளாம். எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்களாம்.

விழுப்புரம் தாண்டி, "மிஸ், நீங்க ஏன் மறுபடி போகலே?" என்றாள்.

இதுவரை யாரும் கேட்டதில்லை. சொன்னேன். அயோவாவில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மா, கல்லூரியும் இங்கேயே படி, இடம் வாங்கித் தருகிறேன் என்று எழுதியிருந்தார். அப்பா, "ஒரு தடவ போனது போதும்" என்றார். சித்தப்பா, மாமா, தலைமையாசிரியர், அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்காக ஒரு வாய் பேசவில்லை.

"அப்பா மேல கோவம் இல்லையா மிஸ்?"

இருக்கு. இருந்துட்டுப் போகுது. அதுக்காகக் கஞ்சி ஊட்டாம இருக்க முடியுமா?

மார்ச் 27, வியாழன்

காப்பு அவிழ்த்தாகிவிட்டது. காலையில் அப்பா கட்டிலிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார். நானும் ஸ்வேதாவும் தூக்கமுடியாமல் தவித்தபோது கருப்பையா வந்தார், மகளைக் கூட்டிப்போக. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து ஒரே தம்மில் தூக்கினார். பிறகு தண்ணீர் கேட்டு வாங்கி, அப்பாவுக்குத் துடைத்துவிட்டு, வேட்டியும் மாற்றினார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். யாராவது ஒருத்தர் செய்ய, நான் சும்மா நிற்பது எத்தனை காலமாயிற்று!

"எம்புட்டு வருசமா டீச்சர் இப்பிடி?"

"ஆறு."

முளைப்பாரி நன்றாக வளர்ந்திருந்ததாம், அதைமட்டும் மகளிடம் சொன்னார்.

ஏப்ரல் 16, புதன்

தேர்வாகிவிட்டாள்.

ஜூன் 21, சனி

பாஸ்போர்ட், தடுப்பூசி, துணி. எல்லாவற்றுக்கும் நான்தான். கால் கடுக்கிறது. ஊரில் என்ன மாற்றம் என்று எழுதச் சொல்லிச் சங்கத்திலிருந்து இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார்கள். மாட்டேன் போங்க.

ஆகஸ்ட் 6, புதன்

விடியக்காலை காரைக்குடி ஸ்டேஷன். கண்ணாத்தாள் அழுது ஓய்ந்துவிட்டார். கருப்பையா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு ஒரு வார்த்த கேட்டுப்புட்டேன். மனசுல வச்சுக்கிராதீக. போன புள்ள திரும்பி வந்து பெத்தவனப் பாக்குது, கண்ணால பாத்துட்டேன். எம்மகளும் உங்கள மாதிரி வந்து நின்னாப் போதும் டீச்சர்."

என்னை மாதிரியா! சிரிப்பதா, அழுவதா? விசா முடிந்தது, வந்தேன். அப்புறம் யாரும் விடவில்லை, இருந்தேன். அதைப் போய் இந்த மனுஷன் கும்பிடாத குறையாகச் சொல்கிறார். இதை நம்பித்தான் இவளை அனுப்பவே மனம் வந்திருக்கிறது இவருக்கு. உண்மையைச் சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளோடு ஊருக்கே திரும்பிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. "வந்துருவா" என்றேன். வேறென்ன சொல்ல?

ரயில் வந்தது. ஏற்றிவிடும்போது ஸ்வேதாவின் காதில் மட்டும் சொன்னேன். "முடிஞ்சதும் வந்துரு. உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வந்துட்டு, மறுபடி போகணும்னு தோணுச்சுன்னா மென்னு முழுங்காத. எங்கிட்டச் சொல்லு. நான் வந்து பேசுறேன்."

அவள் என் கையை விடவில்லை. ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் விட்டாள்.