யாரும் தொடாத தட்டு

மார்ச் 4

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

இன்று ஆய்வகத்தில் நெட்டைக்குக் கைதட்டல். எனக்கு எட்டு வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன்; நெட்டை என்பது நான் மனசுக்குள் வைத்த பெயர். அடிக்கடி தொட்டால் செடி குட்டையாகும் என்பது பழைய சங்கதி. இவன் ஒரு மரபணுவை நீக்கினானாம். யாரும் தொடாமலே, தொட்டது போல் செடி குறுகிவிட்டதாம். ஆகவே குட்டையாகாமல் பிடித்துவைக்கும் கடிவாளம் அந்த மரபணுதானாம். ஆய்விதழின் அட்டையில் அவன் நாற்றுத் தட்டின் படம். அடுத்த துறைத் தலைவரும் அவன்தான் என்கிறார்கள், இந்த ஒரு கட்டுரையை வைத்து. நன்றிப் பட்டியலில் தண்ணீர் ஊற்றும் அம்மாகூட உண்டு. நான் இல்லை.

“அண்ணே, கேக் எடுத்துக்கலையா?” என்று அவனே வந்து கேட்டான்.

சர்க்கரை இருக்கிறது என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

மார்ச் 5

மனைவி கேட்கிறாள்: “அவரு நல்லா இருந்தா உங்களுக்கு எங்க வலிக்குது?”

எங்கே என்று தெரிந்தால் மாத்திரை போட்டிருக்க மாட்டேனா.

மார்ச் 11

நெட்டையிடம் அந்தச் செடியின் விதை கேட்டேன். பொட்டலமாகவே கொடுத்தான். “நீங்களும் ஒருதரம் வளத்துப் பாத்துட்டா எனக்கும் தெம்பா இருக்கும்ணே.” இந்தப் பணிவுதான் தாங்க முடியவில்லை.

என் அறையில் பூட்டி வளர்க்கிறேன். உயரம் பார்ப்பதுகூடப் புகைப்படத்தில்தான். கை படக் கூடாது.

ஏப்ரல் 15

வளர்ந்துவிட்டன. சாதாரணச் செடியின் உயரம், ஒரு மில்லிமீட்டர் குறையவில்லை. கடிவாளமாவது மண்ணாவது.

ஆய்விதழுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி: அவன் தட்டில் கை பட்டிருக்கிறது, தெரிந்தே மறைத்திருக்கிறான். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 16

சாட்சி வேண்டுமே என்று தண்ணீர் ஊற்றும் அம்மாவிடம் போனேன்.

“அந்த ட்ரேக்கு அடியில குழாய் வழியா தண்ணி போயிடும் சார். நான் கிட்டயே போகமாட்டேன். அவரும் எட்ட நின்னுதான் போட்டோ எடுப்பாரு.”

“வேற யாரும்?”

“என்ன சார், விளையாடறீங்களா? நீங்கதான் தெனம் காலையில வந்து விரலால அளந்து பாப்பீங்க. அடுத்தவர் செடி மேல இவ்வளவு அக்கறையான்னு நெனச்சுக்குவேன்.”

ஆமாம். அளந்தேன். அவன் செடி எவ்வளவு வளர்ந்தது என்று தெரியாமல் எனக்குக் காபி இறங்காது. ஒவ்வொன்றாக, விரலை விரித்து— வளரக் கூடாது, வளரக் கூடாது என்று. வளரவில்லை. அப்போது சந்தோஷப்பட்டேனே. பக்கத்துத் தட்டுகளில் இருந்த சாதாரணச் செடிகளை ஏன் தொடவில்லை? அவற்றின் மேல் எனக்கு என்ன பொறாமை?

எப்படிடா மறந்தே. தொடக் கூடாதுங்கறதுதானேடா உன் பொழப்பே.

ஏப்ரல் 17

என் அறைச் செடிகளைப் புகைப்படத்தில் மறுபடி அளந்தேன். அதே உயரம்.

ஏப்ரல் 19

கடிதத்தில் ‘தெரிந்தே மறைத்திருக்கிறான்’ என்பதை அடித்தேன். ‘தொட்டவர் சக ஊழியர் ஒருவர். கட்டுரையாளருக்கு இது தெரியாது. அவர் தம் வேலையைச் சரியாகவே செய்தார்.’ இந்தக் கடைசி வாக்கியத்துக்கு அரை நாள் ஆயிற்று.

கட்டுரை எப்படியும் விழும். அதில் கொஞ்சம்— சரி, இங்கே என்ன ஒளிவு— கொஞ்சம் மகிழ்ச்சி இருக்கிறது.

மின்னஞ்சல் என்றால் பெயர் தெரிந்துவிடும். உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது. நாளை வேலைக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் சேர்த்துவிடுகிறேன். கையெழுத்துப் போடவில்லை.