வாய் வைத்துக் குடிக்கும் போத்தல்

ஜிந்துப்பிட்டி,
கொழும்பு 13.
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் துஷ்யந்திக்கு,

நீயும் மாப்பிள்ளையும் மெல்பேர்ன் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அவ்வளவு கோபமாக இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் என்னத்தைக் கதைக்கிறது? அதனால் இதை எழுதி, பக்கத்து வீட்டு ருஷ்தாவை அவள் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று உன் பார்சல் வந்தது. போன வருஷம் அனுப்பிய அதே மாதிரித் தண்ணீர்ப் போத்தல், இன்னும் பெரியது, மூடியில் அதே உறிஞ்சுகுழாய். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனடி, இருபத்தாறு வருஷம் இந்த வீட்டில் வளர்ந்தவள்தானே நீ, உன் அப்பா ஒருநாளாவது செம்பிலோ போத்தலிலோ வாய் வைத்துக் குடித்ததைப் பார்த்தாயா? அண்ணாந்து ஊற்றித்தானே குடிப்பார். அவருக்குப் போய்ச் சப்பிக் குடிக்கிற போத்தலா? படத்தைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து வாங்கினாய், குடிக்கப்போகிறவரை நினைத்தாயா?

போன வருஷம் கதிர்காமப் பாதயாத்திரையில் நடந்ததை உனக்குச் சொல்லக்கூடாது என்று திருநீற்றைத் தொட்டு என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயால் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம், கையால் எழுதமாட்டேன் என்று இல்லை, முருகன் அதைப் பார்த்துக்கொள்வான். கூட நடந்த சாந்தகுமார்தான் எனக்கு எல்லாம் சொன்னான். உகந்தை முருகன் கோயிலிலிருந்து காட்டுக்குள் இறங்கின நேரம் முதல் உன் அப்பா அந்தக் குழாயில் வாயே வைக்கவில்லையாம். கூட நடக்கிற சாமி யாராவது தண்ணீர் கேட்டால் எச்சில் பட்டதை எப்படிக் கொடுப்பது என்றாராம். முதல் நாள் வழியில் கிடைத்த தண்ணீரைக் கையால் ஏந்திக் குடித்துச் சமாளித்தாராம். இரண்டாம் நாள் குப்பாயி என்று ஒரு வயசான சாமி கேட்க, ஊற்றிக் கொடுக்க மூடியைத் திருகினாராம். மூடியா அது, ஐந்தாறு துண்டு. உள்ளே இருந்த ரப்பர் வளையம் மணலில் விழுந்தது இவருக்குத் தெரியவில்லை. அப்படியே பூட்டித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். முதுகு நனைந்ததை வியர்வை என்று நினைத்தாராம், பார்க்கிற நேரம் சொட்டுத் தண்ணீர் இல்லை. கூட வந்தவர்களிடம் ஒரு வாய் கேட்கவேண்டியதுதானே? கேட்கவில்லை! மகள் அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய போத்தல் என்று வழியெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு, அது ஒழுகிவிட்டது என்று எப்படிச் சொல்வார்? அந்தச் சுடுமணலில் மத்தியானம் வரைக்கும் நடந்து விழுந்துவிட்டார். நான் பஸ்ஸில் போய்க் கதிர்காமத்தில் பூத்தட்டோடு காத்துக்கொண்டு நிற்கிறேன், இவரை உழவு மெஷின் பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுவருகிறார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், என்னை யாரென்று கேட்டார். இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது, இன்னொரு முறை இப்படி வறண்டால் தாங்காது என்று டொக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

நீ போன் எடுத்தபோது என்ன சொன்னார் தெரியுமா? போத்தல் அருமை மகள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்றார். அதை நம்பித்தானே நீ பெரியதாக இன்னொன்று அனுப்பியிருக்கிறாய். அப்பனும் மகளும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்குகிறீர்கள்.

இந்த வருஷம் போகவேண்டாம் என்று கத்திப் பார்த்தேன், நேர்த்திக்கடன் என்கிறார். சரி போ, தண்ணீரையாவது ஒழுங்காகக் கொண்டு போ என்று நிலாம் நானாவின் கடைக்குப் போய் நானே ஒரு போத்தல் வாங்கினேன். தடித்த எவர்சில்வர், கை நுழைகிற அளவு அகன்ற வாய், கழுவலாம், அண்ணாந்தும் குடிக்கலாம், நாலு பேருக்கும் ஊற்றலாம். மூடி ஒரே துண்டு, தொலையாமல் சங்கிலி. நானா தண்ணீர் நிரப்பித் தலைகீழாகப் பிடித்து என் தலைக்கு மேலே ஆட்டிக் காட்டினார், பிறகு சீமெந்துத் தரையில் போட்டும் காட்டினார், சின்ன நெளிவுதான். உன் அப்பா அதை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, பிள்ளை ஆசையாக அனுப்பினதை விட்டுட்டுப் போனா அவ மனசு நோகும் என்று உன்னுடையதைப் பையில் வைத்திருக்கிறார். நான் சொன்னால் அந்த மனுஷன் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார்.

வியாழக்கிழமைக்குள் போன் எடு, வெள்ளி விடியப் பஸ் ஏறுகிறார். நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே, அழுது வைக்கவும் வேண்டாம். அந்தப் போத்தல் பழுதாம், கம்பனிக்காரன் திருப்பிக் கேட்கிறான், அதில் குடிக்கவே வேண்டாம் என்று ஏதாவது சொல்லு. உன் மனசு நோகக்கூடாதென்று அவர் ஒரு பொய் சொன்னார். அவர் உயிரோடு திரும்பி வர நீ ஒரு பொய் சொல்லு.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் முருகன் எந்தக் குறையும் வைக்கமாட்டான். நேரத்துக்குச் சாப்பிடு.

இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா
அ. இராமலெட்சுமி