இரண்டு குரலில் அழும் அண்டா

பபேடான், ரங்கூன்
நவம்பர் 14, 2025

அன்புத் தம்பி விநாயகமூர்த்திக்கு, அக்கா தமிழரசி எழுதுவது. நான் நலம். நம் தெரு நலமாக இல்லை. சாலையில் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். அதனால் பாங்காக் போகும் செல்லக்கண்ணு அண்ணனின் செருப்புக்கு அடியில் வைத்து இதை அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

டப்ளினில் நாலாயிரம் பேர் நின்றுகொண்டே உங்கள் பாட்டைக் கேட்ட வீடியோவைப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கார்க் ஊர்ச் சாராயக்கடையில் பதினோரு பேருக்கு டிரம்ஸ் அடித்த பயல் நீ. அதிலும் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள் என்றாய். மூன்று ஐரிஷ் பையன்களோடு மீன் வண்டியில் ஊர் ஊராகப் போய், சட்டையெல்லாம் நாறுகிறது என்று புலம்பினாய். இப்போது லண்டன் கம்பெனி, ரேடியோ, 'வின்னி' என்று ஒரு பெயர் வேறு. விநாயகனுக்கு வந்த வாழ்வு! தெருவில் உனக்குக் கப்பலில் வேலை என்று சொல்லி வைத்திருப்பதால் இந்தப் பெருமையை யாரிடமும் பேச முடியாமல் தவித்தேன்.

பாட்டின் தொடக்கத்தில் வரும் பன்னிரண்டு அடியும் நம் அண்டாதான். ராணுவம் ஆட்சியைப் பிடித்த புதிதில் அதை எதிர்த்து ஊரே ராத்திரி எட்டு மணிக்குப் பாத்திரம் தட்டியதே, அப்போது நான் கரண்டியால் அடிக்க, நீ பால்கனியில் நின்று போனில் பிடித்தது. பூசத்துக்குச் சாம்பார் வைக்கக் கொண்டுபோன அண்டாவை நீ மாடிப்படியில் உருட்டிவிட்டாய். அந்த விரிசலால் அது மட்டும் இரண்டு குரலில் அழும். சும்மா இருந்திருக்கலாம். பபேடானில் எங்கள் தெரு, விரிசல் விட்ட அண்டா என்று பேட்டியில் தெருவின் எண்ணோடு சொன்னாய். யாரோ பர்மிய எழுத்துப் போட்டு ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள்.

அண்டாவை வீட்டில் வைத்திருக்கப் பயந்தேன். கியாக்தானில் சித்தி வீட்டில் போட்டுவிடலாம் என்றால், வழியில் தன்லின் பாலத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கிறார்கள். எதிரே காஜா மைதீன் பாயின் பிரியாணிக் கடையில் எட்டு அண்டா இருக்கிறது, ஒன்பதாவது யார் கண்ணில் படப்போகிறது? வீட்டில் இடமில்லை, நாலு நாள் இருக்கட்டும் என்று பொய் சொன்னேன். "அதுக்கென்னம்மா, வச்சுட்டுப் போங்க" என்றார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு லாரி வந்தது. வீட்டுக்கு வீடு ஏறி, சட்டி, குண்டான், அண்டா எல்லாவற்றையும் நடுத்தெருவில் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். அதிகாரி தன் போனில் உங்கள் பாட்டை ஓடவிட்டான். ஒருவன் துப்பாக்கியின் பின்கட்டையால் ஒவ்வொரு பாத்திரமாக அடித்துக்கொண்டே வந்தான். மொஹிங்கா நூடுல்ஸ் விற்கும் கிழவர் சட்டியை எடுத்து வரத் தாமதித்தார். அதே கட்டையால் அவர் வாயில் குத்தினான். பல் தெறித்து அவருடைய சட்டிக்குள்ளேயே விழுந்தது.

பிறகு நம் அண்டா அழுதது. அதிகாரி பாட்டைத் திரும்ப ஓட்டிக் கேட்டான். இது யாருடையது என்று கத்தினான். காஜா பாய் அண்டாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, மூர்த்தி. "என்னோடதுதான்" என்றார்.

அண்டாவைக் கவிழ்த்து, அதன்மேல் அவருடைய வலது கையை விரித்து வைக்கச் சொன்னார்கள். பாட்டில் உள்ள அதே கணக்குக்கு அந்தத் துப்பாக்கிக்காரன் கட்டையால் அடித்தான். ஏழாவது அடியோடு பாய் கத்துவதை நிறுத்திவிட்டார். அடி நிற்கவில்லை. பன்னிரண்டையும் நான் எண்ணினேன். வாயைத் திறக்கவில்லை. உன் அக்கா கோழை, தெரிந்துகொள். லாரியில் ஏற்றும்போது அந்தக் கை ஈரத்துணி மாதிரி தொங்கியது. இன்றோடு இருபது நாள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

நான் அண்டாவைக் கொண்டுபோய் வைத்த அன்று அவர் மனைவி பல்கீஸ் கடையில் இல்லை. "யாருக்கா அதக் கொண்டாந்து எங்க கடைல வச்சது?" என்று தினமும் என்னிடமே வந்து கேட்டு அழுகிறாள். நான் டீ போட்டுக் கொடுக்கிறேன்.

அதனால் நீ ஒரு பொய் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் ரங்கூனில் பிடித்ததே இல்லை, கார்க்கில் ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயை நானே அடித்தேன், பாட்டு ஓடுவதற்காகக் கதை விட்டேன் என்று அடுத்த பேட்டியில் சொல். உன்னைப் புளுகன் என்பார்கள். கம்பெனிக்காரன் கைகழுவலாம். கூட வாசிக்கும் பையன்கள் உன் முகத்தில் விழிக்காமல் போகலாம். நீ ஏறி வந்த படி எத்தனை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அப்படி ஒரு பேட்டி வந்தால் பாயை விடச்சொல்லிக் கேட்க ஒரு பிடி கிடைக்கும் என்கிறார் வக்கீல். விடுவார்களா என்று அவருக்கே தெரியாது. சொல்லடா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நீ அங்கே பொய் சொல்லும் வரை நான் காத்திருக்கப் போவதில்லை. நாளைக்குப் பல்கீஸ் வருவாள், டீ கொடுக்கும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கையுறை போட்டுக்கொள். முருகன் உன் பத்து விரலையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
தமிழரசி